அரட்டை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில், ஆமத்தூர் டீக்கடை பெஞ்சில் காமராஜரில் தொடங்கும் பேச்சு இளையராஜாவுக்குத் தாவி, பரோட்டா சால்னாவில் போய் நிற்கும். "என்ன மாமா, காலையிலயே அரட்டைக் கச்சேரியா?" என்று கேட்டபடி ஒருவர் சைக்கிளை நிறுத்துவார். கேட்டவரும் அப்புறம் எழுந்து போகமாட்டார்.

இத்தனை சாதுவான சொல்லின் குடும்பம் கொஞ்சம் முரடு. மிரள் என்பதிலிருந்து மிரட்டு, உருள் என்பதிலிருந்து உருட்டு. அப்படியே அரள் என்பதிலிருந்து அரட்டு. அரள்வது பயப்படுவது; 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' பழமொழியில் இருப்பது அதுதான். அரட்டுவது பயமுறுத்துவது. அரட்டை இந்த வழி வந்ததாகவே தோன்றுகிறது: அதட்டல் கழன்று உரத்த குரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அரட்டையைப் பேசுவதைவிட 'அடிப்பதே' அதிகம். முன்னால் 'வெட்டி' ஒட்டிக்கொண்டால் வசவு. அது அநியாயம். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடிக் கம்பனையும் இசையையும் சிரிக்கச் சிரிக்கப் பேசியதும் இந்த இனம்தான். வீட்டு நடுவிலிருந்த தொட்டிக்கட்டின் பெயரே அந்தக் கூட்டத்துக்கும் ஆகிவந்தது.

விசு சன் டிவியில் 'அரட்டை அரங்கம்' நடத்தியபோது சொல்லுக்கு மேடை கிடைத்தது. 2021-இல் ஜோஹோ நிறுவனம் தன் செய்தி அனுப்பும் செயலிக்கும் இதையே பெயராக வைத்தது. அதில் சத்தம் போடாமலே அரட்டையடிக்கலாம்.