வீடு இருந்தது, நேரம் இருக்கவில்லை: நம் கரையில் கதை எழுதும் தொழில்

நூற்றாண்டு மலருக்காகப் பழைய மாணவியரின் விபரங்களைத் திரட்டத் தொடங்கியபோது, துறைவாரியாக ஒரு பட்டியல் போட்டோம். ஆசிரியைகள், அதிபர்கள் என்ற பக்கம் நிரம்பி வழிந்தது. வைத்தியர்கள், சட்டத்தரணிகள், கணக்காளர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், பொறியியலாளர்கள் என்று ஒவ்வொரு நிரலும் நீண்டது. கவிஞர்கள் என்ற நிரலிலும் பெயர்கள் விழுந்தன. 'நாவலாசிரியர், சிறுகதையாசிரியர்' என்று தலைப்பிட்ட நிரல் மட்டும் கடைசி வரை வெறுமையாகவே கிடந்தது. அந்த நிரலை அழித்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அழிப்பதற்கு முன் அது ஏன் வெறுமையானது என்று தேடிப் பார்த்தோம்.

கதை எழுதும் மரபு இந்தக் கரைக்கு அந்நியமானதல்ல. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாக அதைத்தான் பலரும் கொள்கிறார்கள். நம் பக்கத்தில் மருதமுனையில் மருதூர்க்கொத்தன், அக்கரைப்பற்றில் அ.ஸ. அப்துஸ் ஸமது, கல்முனையில் உமா வரதராஜன் என்று சிறுகதைக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். நீலாவணனும் எம்.ஏ. நுஃமானும் சண்முகம் சிவலிங்கமும் கல்முனையை இலக்கியத்தில் ஓர் ஊராக்கினார்கள். நுஃமான் 1969, 70 காலத்தில் 'கவிஞன்' என்ற காலாண்டிதழை இங்கிருந்தே நடத்தினார். கல்முனை வாசகர் சங்கம் மஹாகவியின் நூல்களைப் பதிப்பித்தது. யாழ்ப்பாணத்துக் கவிஞரின் புத்தகம் கல்முனையிலிருந்து வந்ததை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும்.

இவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். மாதச் சம்பளம் எழுத்தைத் தாங்கியது. எழுத்து யாரையும் தாங்கவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டு இந்நாட்டில் வாழ முயன்றவர் என்றால் சுபைர் இளங்கீரனைச் சொல்ல வேண்டும். 'தென்றலும் புயலும்', 'நீதியே நீ கேள்' போன்ற நாவல்களை எழுதினார், 'மரகதம்' என்ற சஞ்சிகையையும் நடத்தினார். அவருடைய பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் பட்ட கஷ்டத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஒரேயொரு காலத்தில் மட்டும் கதை விலைபோனது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. கல்கியும் விகடனும் வராத வீடுகளில் வாசிக்க ஒன்றுமில்லாமல் போனது. அந்த இடைவெளியில் வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் உள்ளூர் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', பாலமனோகரனின் 'நிலக்கிளி' எல்லாம் அப்படி வந்தவையே. 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமுமானது. நம் உம்மாமார் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வாசித்த நாவல்கள் இவைதான். எத்தனை உம்மாமார் ஒப்புக்கொள்வார்கள் என்பது வேறு விடயம். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு இந்தியச் சஞ்சிகைகள் திரும்பி வந்தன. உள்ளூர் நாவலின் சந்தை படுத்துவிட்டது. பின்னர் அது அந்த அளவுக்கு எழும்பவேயில்லை.

அதற்குப் பிறகு நம் ஊரில் ஒரு கதைப் புத்தகம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். எழுதியவரே பதிப்பாளர். நகையை அடகு வைத்தோ, சீட்டுப் பணத்தை எடுத்தோ, சம்பளக் கடன் போட்டோ அச்சகத்துக்கு முற்பணம் கட்டுகிறார். அநேகமாக 300 முதல் 500 பிரதிகள்தான். ஒப்புநோக்க ஆளில்லை, தானே பார்க்கிறார். பின்பு வெளியீட்டு விழா. மண்டப வாடகை, அழைப்பிதழ், சிற்றுண்டி எல்லாம் அவர் செலவுதான். முதற்பிரதியை ஊரில் ஒரு தனவந்தர் பெற்றுக்கொண்டு ஓர் என்வலப்பைக் கொடுப்பார். அதற்குள் இருப்பதைப் பொறுத்தே அடகு நகை மீளும். வந்தவர்கள் வரிசையில் நின்று என்வலப் கொடுத்துச் சிறப்புப் பிரதி வாங்குவார்கள். உண்மையில் இது கலியாண வீட்டு வழக்கந்தான். அவர் மகள் கலியாணத்துக்கு நாம் கொடுத்தோம், நம் புத்தகத்துக்கு அவர் தருகிறார். எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. தேசிய நூலக சபையோ கலாசாரத் திணைக்களமோ சில பிரதிகள் வாங்கினால் அதிர்ஷ்டம். மிச்சம் கட்டிலுக்கடியில் கிடக்கும். உப்புக்காற்றும் கறையானும் இலவச வாசகர்கள்.

மருதமுனையில் நெசவாளிக்கு முதலாளி நூல் கொடுப்பார், நெய்த துணியை அவரே எடுத்துக்கொள்வார். கூலி குறைவென்றாலும் சரக்கைச் சுமந்து சந்தைக்கு அலையும் வேலை நெசவாளிக்கு இல்லை. எழுதுகிறவருக்கு முன்கூட்டிக் கடதாசி கொடுக்கும் முதலாளி எவருமில்லை. இரண்டுக்கும் தமிழில் 'நூல்' என்று ஒரே சொல் இருப்பதுதான் வேடிக்கை.

இந்த வேலைகளில் எதை ஒரு பெண்ணால் செய்ய முடிந்திருக்கும்? 1970இலோ 1985இலோ நமது பாடசாலையின் ஓர் ஆசிரியை கையெழுத்துப் பிரதியோடு கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, அச்சகத்தில் நின்று பேரம் பேசி, புத்தகக் கட்டை சைக்கிள் கரியரில் வைத்துக் கடை கடையாகப் போட்டிருப்பாரா? வேர்ஜீனியா வூல்ஃப் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929இல் எழுதிய நூலொன்றில், புனைகதை எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் பூட்டக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்றார். நம்மூரில் நிலைமை புதினமானது. இங்கே பெண்ணுக்கு அறை அல்ல, வீடே உண்டு. குடி வழியும் சீதன வழக்கமும் உள்ள இந்தக் கரையில் வாப்பா ஆயுள் முழுக்க உழைத்து மகளுக்கு வீடு கட்டுகிறார், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். உறுதி பெண்ணின் பெயரில். ஆனால் அந்த வீட்டோடு குசினியும், பிள்ளைகளும், வயதான மூத்தம்மாவும், வருகிற போகிற விருந்தாளிகளும் அவள் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தார்கள். ஆசிரியத் தொழில் வந்தபோது வருமானமும் வந்தது. பூட்டக்கூடிய மூன்று மணித்தியாலம் மட்டும் வரவில்லை.

கவிதை நிரல் நிரம்பியதற்கும் இதுவே ஒரு காரணம் என்று நினைக்கிறோம். சோறு வேகிற நேரத்தில் நாலு வரி மனதில் கட்டலாம். நம் மூத்தம்மாமார் எழுதப் படிக்கத் தெரியாமலே கவி கட்டினார்கள், வயலிலும் முற்றத்திலும் பாடினார்கள். அந்த நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர்களில் ஒருவர் சாய்ந்தமருதுவின் அனார். தமிழ்நாடு வரை வாசிக்கப்படும் கவிஞரும் அவரே. நாவல் அப்படியல்ல. நேற்று நிறுத்திய இடத்தில் இன்றும் போய் உட்கார வேண்டும், நாளைக்கும் உட்கார வேண்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு பாத்திரம் செத்துப்போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. கவிதையில் 'நீ' என்று எழுதினால் அது யாரென்று கேட்க முடியாது. கதையில் ஒரு வீடு வரும், ஒரு மாமி வருவார், ஒரு கடை வரும். வேலிக்கு வேலி ஒட்டிய ஊரில் மறுநாளே "இது இன்னார் வீட்டுக் கதைதானே" என்பார்கள். வைத்தியத் தொழிலுக்கு வந்த எங்களுக்கு இது நன்றாக விளங்கும். கதவைச் சாத்திவிட்டுப் பெண்கள் சொல்வதைக் கேட்டால் பத்து நாவலுக்குப் போதும். ஒரு வரி எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஏறாவூரில் பிறந்த ஸர்மிளா ஸெய்யித், 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக அச்சுறுத்தல்களுக்கு ஆளாகி நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. அவருடைய 'உம்மத்' நாவல் 2014இல் தமிழ்நாட்டில் வெளியானது. கோளாவிலில் பிறந்த ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியமும் இலண்டனிலிருந்துதான் இத்தனை நாவல்கள் எழுதினார். கதை எழுதத் தூரம் வேண்டியிருக்கிறது போலும். ஊரிலேயே இருந்துகொண்டு எழுத ஆண்களுக்கு முடிந்தது. சாய்ந்தமருதுவின் ஆர்.எம். நௌஷாத் தபால் துறையில் பணியாற்றியபடியே 'நட்டுமை'யை எழுதினார். காலச்சுவடு நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று அது 2009இல் நூலானது. நம் வயலும் வாய்க்காலும் நம் பேச்சும் அப்படியே அதில் இருக்கின்றன.

நம் மாணவியர் எழுதவேயில்லை என்றும் சொல்லிவிட முடியாது. வகுப்புகளில் கையெழுத்துச் சஞ்சிகைகள் வந்தன, அவற்றில் தொடர்கதைகளும் வந்தன. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் மாதர் மஜ்லிஸ் நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டவர்கள் உண்டு. வேறு பெயரில் எழுதியவர்களும் உண்டு. கலியாணத்தோடு அந்தப் பெயர் மௌனமாகும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் கணக்குக்கு முன்னால் கொப்பிகளைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கடற்கரை வீதி வீடுகளின் அலுமாரிகளோடு அவையும் போயின.

இந்தத் தேடலின் இடையில், நமக்குக் கற்பித்த, நமது பாடசாலையிலேயே படித்த, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எங்களை வீட்டுக்கு அழைத்தார். தேநீர் தந்துவிட்டு, சாரித் துணியில் சுற்றிய நான்கு சீ.ஆர். கொப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு நாவல். முப்பது வருடமாக விட்டுவிட்டு எழுதியது, முடிந்திருக்கிறது. கொப்பிகள் தப்பியது எப்படி என்று கேட்டோம். கடல் வந்த வருடம் அவை உள்ளூரில் மகள் வீட்டில் இருந்தனவாம். யாருக்கும் காட்டியதில்லை என்றார். பழைய மாணவியர் சங்கம் அச்சுச் செலவைப் பொறுப்பேற்பதென்று குழுவில் தீர்மானித்திருக்கிறோம். என்வலப் வரிசை இல்லாமல், முற்பதிவு முறையில், வெளிநாட்டில் உள்ள சகோதரிகளின் பங்களிப்போடு. ஆசிரியை ஒரு நிபந்தனைதான் போட்டார்: வீதியின் பெயரை மாற்ற வேண்டும், கதையில் வரும் மாமியை மட்டும் மாற்றக்கூடாது.