பிள்ளையின் பொருளுக்குக் காவல்

தானே பிழைக்க இயலாத பிள்ளைக்கு நமக்குப்பின் யார் துணை? இவ்வினா கல்கத்தாவுக்குப் புதிதன்று. 1774-இல் இங்கு நிறுவப்பெற்ற சுப்ரீம் கோர்ட்டுக்கு, சித்தம் பிறழ்ந்தோரையும் அவர்தம் உடைமையையும் காக்கக் காப்பாளரை நியமிக்கும் அதிகாரத்தை அரச சாசனமே அளித்தது. 1858-இல் 34, 35-ஆம் சட்டங்கள் அதனை விரித்தன. 1912-இல் ஒரே சட்டமாயிற்று. 1987-இல் அதுவும் மாறிற்று. ஆயினும் பெருஞ்சொத்து சிதறாமல் காப்பதே அவற்றின் முதற்கவலை எனத் தோன்றுகிறது. எழுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு அவற்றால் என்ன பயன்?

1999-இல் வந்த தேசிய டிரஸ்ட் சட்டம் அக்குறையை ஓரளவு நீக்கிற்று. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல குறைகள் ஒருங்கே உடையோர்க்கு மாவட்டக் குழு காப்பாளரை நியமிக்கலாம். அவர் ஆறு திங்களுக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் தருதல் வேண்டும்.

மற்றொரு கண்ணியும் உண்டு. நம்மவருட் பலர் மத்திய அரசுப் பணியால் இந்நகருக்கு வந்தவர்கள். பிழைக்க இயலாப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள்வரை உண்டு. ஆனால் 2021-இல் வகுத்த விதிப்படி, பிள்ளையின் பிற வருமானம் பெற்றோர் இறுதியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவிகிதமும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையினும் குறைந்திருத்தல் வேண்டும். பாசத்தால் வீட்டையும் வைப்பு நிதியையும் அவன் பெயருக்கே எழுதினால், வாடகையும் வட்டியும் அவ்வெல்லையைக் கடந்துவிடலாம்.

ஆதலின் சிலர் பொருளை டிரஸ்டில் வைத்து, செலவை டிரஸ்டிகளின் தீர்ப்புக்கு விடுகின்றனர். அதன் பயன் பத்திரத்தின் சொற்களைப் பொறுத்தது. எழுதுமுன் வழக்கறிஞரையும் ஓய்வூதிய அலுவலகத்தையும் வினவுதல் நலம். டிரஸ்டிகளுள் ஒருவரேனும் கொல்கத்தாவில் வாழ்பவராக இருக்கட்டும். திருச்சியிலுள்ள மாமன் மாதந்தோறும் வந்து மருந்து வாங்கித்தர இயலாது.