அலகும் காதும்

ஆபிரகாம் பண்டிதரைப் பற்றி நம்மிடையே இருப்பவை இரண்டுதான்: ஸ்தோத்திரம் அல்லது மௌனம். 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகர’த்தைத் தமிழனின் பெருமைக்குச் சான்றாகக் கும்பிடுகிறவர்கள் அதன் அட்டவணைகளைப் புரட்டுவதில்லை. சங்கீத சபைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் புத்தகம் எழுதப்படவே இல்லை. நான் சங்கீதக்காரன் அல்ல. வங்கியில் பேரேடு எழுதுகிறவன். அந்த அட்டவணைகள் எனக்குப் பழக்கமான பாஷையில் இருந்ததால் மட்டுமே உள்ளே நுழைந்தேன்.

சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்து தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பெயரெடுத்த பண்டிதர், 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். ஒரு ஸ்தாயியில் எத்தனை ஸ்ருதிகள் என்பதுதான் அவரை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி. பரதரும் சார்ங்கதேவரும் 22 என்றார்கள். பண்டிதர் 24 என்றார், அதுவும் சமமான 24. மேற்கே கால் ஸ்வரம் என்று சொல்லப்படும் இடைவெளி இதுதான்.

இந்தக் கணக்கு ஒரு குமாஸ்தாவுக்கு எளிது. ஒரு தொகை 24 தவணைகளில் இரட்டிப்பாக வேண்டுமானால் தவணைக்கு ஏறத்தாழ 2.93 சதவீதம் கூட்டுவட்டி. ஷட்ஜத்தின் அதிர்வு மேல் ஷட்ஜத்தில் இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு அலகும் முந்தையதன்மேல் அதே விகிதத்தில் ஏறுகிறது. சார்ங்கதேவரின் 22ஐயும் பண்டிதர் சம பங்குகளாகவே படித்தார். அப்படிப் படித்தால் 13ஆம் ஸ்ருதியில் வரும் பஞ்சமம் 709 சென்ட். தம்பூரா சொல்லும் பஞ்சமம் 702. காது இதை ஏற்காது. 24இல் 14ஆம் அலகு 700. இரண்டு சென்ட் குறைவை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 22 என்பது சம பங்குதானா என்பது வேறு வழக்கு. பலர் அதை ஒப்புவதில்லை, நானும் ஒப்பவில்லை.

ஆனால் பண்டிதருக்குச் சமத்துவம் வெறும் கணக்கு வசதி அல்ல. சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் ஏழு ஸ்வரங்களின் பெயர் தாங்கி வட்டமாக நிற்கிறார்கள். வட்டத்தில் யாரை வேண்டுமானாலும் குரலாக வைத்து எண்ணத் தொடங்கலாம், பண் மாறும். எங்கிருந்து எண்ணினாலும் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டுமானால் பங்குகள் சமமாக இருந்தாக வேண்டும். பழைய உரைகளில் வரும் அலகுகளைக் கூட்டினால் 22தான் வருகிறது. விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைக்கப்பட்டிருக்கிறது, முழு வட்டம் 24 என்று அவர் வாதாடினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்கு இந்த வாதத்தோடு போனார். உடன் சென்ற அவர் மகள்கள் வீணை வாசித்துக் காட்டினார்கள்.

இதை வடமொழி 22க்கும் தமிழ் 24க்கும் நடந்த சண்டை என்று பிற்பாடு சுருக்கிவிட்டோம். 1947இல் வந்த ‘யாழ்நூ’லில் விபுலானந்தர் 22இன் பக்கம் நின்றார். அவரைத் தமிழிசையின் எதிரி என்று யார் சொல்வது?

நான் செய்து பார்த்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். அத்தை விட்டுச்சென்ற வீணை வண்டலூரில் என் வீட்டில் இருக்கிறது. தந்தியின் நீளத்தை 80 சென்டிமீட்டராக வைத்துக் கணக்குப் போட்டால் முதல் மெட்டு 4.5 சென்டிமீட்டர் தூரத்திலும், அதற்கு முன் வரவேண்டிய கால் ஸ்வரம் 2.28 சென்டிமீட்டரிலும் விழும். மூங்கில் சிம்புகளைச் சீவி, மற்ற மெட்டுகளின் உயரத்துக்கு மெழுகில் பதித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரை வாசிக்கச் சொன்னேன். தோடியைத் தொட்டார், நிறுத்திவிட்டார்.

“இது எதுக்கு தம்பி நடுவுல? இழுக்கறப்போ இடிக்குது.”

“டீச்சர், அந்த காந்தாரம் இந்த இடத்துலதானே வரணும்?”

“அது எங்க ஒரு இடத்துல நிக்குது?”

தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது. அந்த ஊசலை நிறுத்தினால் கிடைக்கும் ஸ்வரம் தோடியில் இல்லை. வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகளே போதுமானதாக இருப்பதற்குக் காரணம் தந்தி பக்கவாட்டில் இழுபடும் என்பதுதான். ஹார்மோனியத்தில் இழுக்க எதுவும் இல்லை. 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது, 1971வரை தடை நீடித்தது. சாவிகளைக் கூட்டி 22 ஸ்ருதி ஹார்மோனியம் செய்வித்தார் கிளெமென்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. சாவி எத்தனை கூடினாலும் அது படிக்கட்டுதான்.

மேற்கே அலோயிஸ் ஹாபாவுக்கு 1924இல் கால் ஸ்வர பியானோ கிடைத்தது. அவருடைய தேவை வேறு: இல்லாத சங்கீதத்தைப் புதிதாக எழுதுவது. பண்டிதருடையது, இருக்கும் சங்கீதத்தை அளப்பது. 1932இல் கெய்ரோ மாநாட்டில் ஹாபாவும் இருந்தார். அங்கே அரபு இசையைச் சமமான 24 பங்குகளாக வகுக்கும் பேச்சு எழுந்தது, உடன்பாடு ஏற்படவில்லை.

பண்டிதர் தோற்றுவிட்டாரா என்றால், இல்லை என்பேன். அளவுகோலையே ஸ்வரமாக எடுத்துக்கொண்ட இடத்தில்தான் சறுக்கினார். கருணாமிர்த சாகரத்துக்குப் பதின்மூன்று வருஷம் முன்பு, 1904இல், எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். ஸ்வரம் எங்கே நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, எப்படி அசைகிறது என்பதற்குக் குறிகள் போட்டார். எவ்வளவு தூரம் அசைகிறது என்பதற்கு அந்தக் குறிகளில் அளவு இல்லை. ஒருவரிடம் இடம் இருந்தது, மற்றவரிடம் இயக்கம். இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. எது நம்முடையது என்று அடித்துக்கொள்ள நேரம் இருந்தது.

இன்று கணினி அதைச் செய்கிறது. பாடகரின் குரலைத் திரையில் வளைகோடாக வரைகிறது. தோடி காந்தாரம் அலையாக ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அலையைப் படிக்க அடியில் சமதூரத்தில் கோடுகள் வேண்டியிருக்கின்றன. பண்டிதர் போட்டது அந்தக் கோடுகளை.

மூங்கில் சிம்புகளைப் பிடுங்கிவிட்டேன். மெழுகில் பள்ளங்கள் இருக்கின்றன. டீச்சர் இப்போது தடங்கலில்லாமல் வாசிக்கிறார்.