இந்தியன் ஓப்பன் (ஸ்னூக்கர்)

இந்தியன் ஓப்பன், தொழில்முறை ஸ்னூக்கர் வீரர்களுக்காக இந்தியாவில் நடத்தப்பட்ட தரவரிசைப் போட்டி. 2013 முதல் 2019 வரை ஐந்து முறை நடந்தது. ஐந்து முறையும் வேறு வேறு ஊர்: புதுதில்லி, மும்பை, ஐதராபாத், விசாகப்பட்டினம், கொச்சி. சீனாவின் டிங் ஜுன்ஹுய், வேல்ஸின் மைக்கேல் வைட், ஸ்காட்லாந்தின் அந்தோனி மெக்கில், ஜான் ஹிக்கின்ஸ், இங்கிலாந்தின் மேத்யூ செல்ட் ஆகியோர் பட்டம் வென்றனர். இந்தியர் எவரும் கோப்பையைத் தொடவில்லை. ஆனால் முதல் ஆண்டிலேயே ஆதித்ய மேத்தா என்ற மும்பைக்காரர் இறுதி ஆட்டம் வரை போனார். இந்தப் போட்டிக்கு இந்திய விளையாட்டு வரலாற்றில் ஓர் இடம் உண்டென்றால் அது அவரால்தான்.

பின்னணி

ஸ்னூக்கர் பிறந்த மண் இந்தியா. 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் மழைக்காலப் பொழுதைப் போக்க, நெவில் சேம்பர்லின் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டத்தை உருவாக்கினார். (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) ஆட்டத்தை உருவாக்கியவர் பின்னர் உதகமண்டலத்துக்கு வந்தார். அங்குள்ள ஊட்டி கிளப்பில் 1882இல் ஆட்டத்தின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. நீலகிரியிலிருந்து அந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய், 1927இல் ஜோ டேவிஸ் வென்ற முதல் உலகச் சாம்பியன் போட்டியாக வளர்ந்து, பிறகு தொலைக்காட்சி வழியாகப் பெரும் பணம் புரளும் தொழிலானது. இந்தியாவிலோ அது கிளப்புகளுக்குள்ளேயே இருந்தது. 1984இல் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். பெங்களூரின் பங்கஜ் அத்வானி 2003இல் அதே பட்டத்தைப் பெற்றார். அமெச்சூர் வெற்றிகள் இவ்வளவு இருந்தும், தரவரிசைப் புள்ளி தரும் தொழில்முறைப் போட்டி ஒன்று ஆட்டம் பிறந்த நாட்டுக்கு வர 138 ஆண்டுகள் ஆயின.

2010இல் பாரி ஹெர்ன் தொழில்முறை ஸ்னூக்கரின் வணிகப் பொறுப்பை ஏற்றபின் போட்டிகளின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. அந்த விரிவாக்கத்தில் விளைந்ததே இந்தியன் ஓப்பன். உலக ஸ்னூக்கர் அமைப்பு, இந்திய பில்லியர்ட்ஸ் மற்றும் ஸ்னூக்கர் கூட்டமைப்புடன் சேர்ந்து இதை நடத்தியது. வெற்றியாளருக்கு 50,000 பவுண்டு. உலகச் சாம்பியன் போட்டியோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனால் 2014 முதல் தரவரிசை, இரண்டு ஆண்டுகளில் ஒருவர் தரவரிசைப் போட்டிகளில் ஈட்டிய பரிசுத் தொகையைக் கூட்டியே கணக்கிடப்படுகிறது. முதல் 64 இடங்களுக்குள் இல்லாதவர் தொழில்முறைச் சுற்றில் தன் இடத்தை இழக்கும் நிலையில் இருப்பார். நடுவரிசை வீரர் ஒருவருக்கு 50,000 பவுண்டு என்பது இரண்டாண்டுப் பிழைப்பு.

தில்லி, 2013

அக்டோபர் 14 முதல் 18 வரை நடந்த முதல் போட்டிக்கு மேத்தா நல்ல உற்சாகத்தோடு வந்திருந்தார். அதே ஆண்டில்தான் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் ஸ்னூக்கர் தங்கத்தை வென்றிருந்தார். இருந்தாலும் தொழில்முறைச் சுற்றில் அவர் பெரிய பெயர் அல்ல. அதுவரை தரவரிசைப் போட்டி ஒன்றில் இந்தியர் எட்டிய உச்சம், அதே ஆண்டு வெல்ஷ் ஓப்பனில் அத்வானி அடைந்த காலிறுதி. மேத்தா அதைத் தாண்டினார். அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீஃபன் மகுவையரை 4–3 என்று, கடைசி ஃபிரேம் (ஒரு தனி ஆட்டச் சுற்று) வரை போய் வென்றார். தரவரிசைப் போட்டியின் இறுதிக்கு ஓர் இந்தியர் வந்தது அதுவே முதல் முறை.

எதிரே டிங். ஒன்பது ஃபிரேம்கள் கொண்ட இறுதியில் முதலில் ஐந்தைப் பிடிப்பவருக்கே கோப்பை. டிங் 5–0 என்று முடித்துவிட்டார். எண்ணைப் பார்த்தால் ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்று தோன்றும். ஸ்னூக்கரில் அந்த எண் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தடுப்பாட்டத்தில் ஒருவர் வெள்ளைப் பந்தை மேசையின் கீழ்முனைக் குஷனோடு ஒட்டி நிறுத்த நினைக்கிறார். அது ஓரிரு அங்குலம் விலகி நிற்கிறது. ஒரு சிவப்பு மட்டும் பாக்கெட்டுக்கு வழி திறந்து கிடக்கிறது. டிங் போன்றவருக்கு அது போதும். சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஏழு, மறுபடி சிவப்பு, மறுபடி கறுப்பு என்று எழுபது, எண்பது புள்ளி சேரும்வரை எதிராளி தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டென்னிஸில் தோற்பவருக்குக்கூட ஒவ்வொரு பந்திலும் ராக்கெட்டை வீச ஒரு வாய்ப்பு உண்டு. ஸ்னூக்கரில் அது கிடையாது.

அந்த நாட்களில் டிங்கை நிறுத்தக் கூடியவர் உலகிலேயே குறைவு. தில்லிக்கு முன் ஷாங்காய் மாஸ்டர்ஸ், தில்லிக்குப் பின் இன்டர்நேஷனல் சாம்பியன்ஷிப் என்று மூன்று தரவரிசைப் பட்டங்களை அடுத்தடுத்து வென்றார். அந்தப் பருவம் முடியும்போது அவர் கையில் ஐந்து பட்டங்கள். ஒரே பருவத்தில் ஸ்டீஃபன் ஹென்ட்ரி படைத்திருந்த சாதனைக்கு அது சமம். மேத்தா தோற்றது அப்படிப்பட்டவரிடம். மேத்தா 2014இல் ஜெர்மனியில் நடந்த பால் ஹண்டர் கிளாசிக்கில் 147 என்ற முழு பிரேக்கை (மேசையை விட்டு விலகாமல் ஒரே தொடரில் சேர்க்கும் புள்ளிகள்) அடித்தார். தொழில்முறைப் போட்டியில் அதைச் செய்த முதல் இந்தியர் அவரே.

பிந்தைய போட்டிகள்

2015 மார்ச்சில் மும்பையில் மைக்கேல் வைட், ரிக்கி வால்டனை 5–0 என்று வென்றார். ஒன்பது வயதிலேயே நூறு புள்ளி பிரேக் அடித்த அதிசயச் சிறுவன் என்று பெயர் வாங்கியவருக்கு இதுதான் முதல் தரவரிசைப் பட்டம். 2016 ஜூலையில் ஐதராபாத்தில் மெக்கில், கைரன் வில்சனை 5–2 என்று வீழ்த்தினார். அவருக்கும் அது முதல் பட்டம். வில்சன் 2024இல் உலகச் சாம்பியன் ஆனார். 2017 செப்டம்பரில் விசாகப்பட்டினத்தில் பட்டத்தைக் காக்க வந்த மெக்கில் மீண்டும் இறுதிக்கு வந்தார், ஆனால் அவருடைய நாட்டுக்காரரான ஹிக்கின்ஸிடம் 1–5 என்று தோற்றார். நான்கு முறை உலகச் சாம்பியனான ஹிக்கின்ஸுக்கு அது 29ஆவது தரவரிசைப் பட்டம். 2019 மார்ச்சில் கொச்சியில் செல்ட், சீனாவின் லியூ ஹாவ்டியானை 5–3 என்று வென்றார். நெடுங்காலம் சுற்றில் ஆடியும் ஒரு பட்டம்கூட வாய்க்காதிருந்தவர் அவர்.

ஐந்தில் மூன்று முறை வென்றவர் புதுமுகச் சாம்பியன். இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இறுதிக்கு முன் எல்லா ஆட்டங்களும் ஏழு ஃபிரேம்தான். நான்கை எடுத்தால் போதும். உலகச் சாம்பியன் இறுதி 35 ஃபிரேம்கள், இரண்டு நாள். அங்கே பெரிய வீரர் மோசமான ஒரு மணி நேரத்தை ஈடுசெய்துகொள்ளலாம், இங்கே அந்த ஒரு மணி நேரத்தில் அவர் விமானம் ஏறிவிடுவார். நிலைபெற்ற வரிசையைக் குலைக்கும் இந்தத் தன்மையே இப்போட்டியின் சிறப்பு என்று சொல்லலாம்.

வேரூன்றாமை

அதே காலத்தில் சீனாவில் நடந்ததைப் பார்த்தால் இந்தியன் ஓப்பனின் பலவீனம் புரியும். 2005இல் பெய்ஜிங்கில் 18 வயது டிங் சைனா ஓப்பனை வென்றார். அதன்பின் அந்நாட்டில் தரவரிசைப் போட்டிகள் பெருகின. ஷாங்காய் மாஸ்டர்ஸ் 2007 முதல் ஒரே நகரில் நடந்து பார்வையாளர்களைச் சேர்த்தது. பயிற்சிக்கூடங்களும் வளர்ந்தன, அடுத்த தலைமுறை வந்தது. இந்தியப் போட்டி ஒவ்வொரு முறையும் வேறு நகருக்கு, பெரும்பாலும் நட்சத்திர விடுதியின் கூடத்துக்குப் போனது. தெருவோர ஸ்னூக்கர் பார்லரில் ஆடும் பையனுக்கு, அடுத்த ஆண்டும் இங்கேதான் நடக்கும், போய்ப் பார்க்கலாம் என்று எண்ண ஓர் ஊர் அமையவில்லை. கிரிக்கெட் மட்டுமே காரணம் என்று சொல்வது எளிது. மேத்தாவின் இறுதி ஆட்டம் தந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு நிலையான அரங்கம் இல்லாததும் அதே அளவு காரணம்.

கொச்சிக்குப் பிறகு போட்டி தொடரவில்லை. அத்வானி 2014லேயே தொழில்முறைச் சுற்றிலிருந்து விலகி, பில்லியர்ட்ஸிலும் அமெச்சூர் ஸ்னூக்கரிலும் கவனம் செலுத்தினார். மேத்தாவும் சுற்றைவிட்டு வெளியேறினார். 2023இல் மும்பையின் இஷ்பிரீத் சிங் சத்தா, கியூ ஸ்கூல் எனப்படும் தகுதிப் போட்டி வழியாகச் சுற்றுக்குள் நுழைந்தார். மேத்தாவுக்கு தில்லியில் கிடைத்ததுபோல் சொந்த நாட்டில் ஆட ஒரு தரவரிசைப் போட்டி அவருக்கு இல்லை.