ஜெருசலத்திலிருந்து ஜொகூருக்கு

1945 அக்டோபர் 20ஆம் தேதி ஜொகூர் சுல்தான் இப்ராகிம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மலாய் ஆட்சியாளர்களின் அதிகாரத்தைப் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு எழுதிக் கொடுத்து மலாயன் யூனியனுக்கு வழிவிட்ட ஒப்பந்தம் அது. ஒன்பது ஆட்சியாளர்களில் முதலில் பேனாவை எடுத்தவர் அவர்தான். தாளை நீட்டியவர் சர் ஹெரால்ட் மெக்மைக்கேல். முந்தைய ஆண்டுவரை அவர் பாலஸ்தீனத்தின் ஹைகமிஷனர். 1944 ஆகஸ்டில் ஜெருசலத்துக்கு வெளியே யூதத் தீவிரவாதிகள் அவருடைய காரை மறித்துச் சுட்டபோது உயிர் தப்பியவர். மூன்றாண்டு கழித்து சர் ஹென்றி கர்னி வந்தார். 1948 மே மாதம் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் கொடி இறங்கும்வரை அங்கே தலைமைச் செயலாளர்; அதே ஆண்டு அக்டோபரில் மலாயாவின் ஹைகமிஷனர். பாலஸ்தீனப் போலீஸின் தலைவராக இருந்த நிக்கல் கிரே இங்கே போலீஸ் கமிஷனரானார். அவர் பின்னே அந்தப் படையிலிருந்து சில நூறு சார்ஜெண்டுகளும் வந்து இறங்கினார்கள். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் இரயில் பாதையில் லாபிசுக்கும் குளுவாங்குக்கும் இடையிலுள்ள சிறிய ஊர் பாலோ. சுற்றிலும் ரப்பர் தோட்டமும் காடும். கம்யூனிஸ்டு கெரில்லாக்களை எதிர்த்துப் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலத்தில் அந்த ஊரின் விதியை எழுதிய கோப்புகள், பாலஸ்தீனத்தில் கைபழகிய அதிகாரிகளின் மேசைகளைத் தாண்டித்தான் வந்தன. அரபு–யூதப் பகையின் வேரைத் தேடுகிறவர்கள் வழக்கமாக வேதங்களைப் புரட்டுகிறார்கள். இந்த அதிகாரிகள் விட்டுவந்த நாட்டையும் வந்து சேர்ந்த நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும் என்பது என் கட்சி.

ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகை என்று சொல்வோரிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. மதீனாவில் குரைழா என்ற யூதக் குலத்தவரின் அழிவு, 1066இல் கிரனாடாவில் யூதர் படுகொலை, 1840இல் டமாஸ்கஸில் யூதர்மேல் கிளம்பிய நரபலிப் பொய்ப்பழி, இஸ்லாமிய ஆட்சிகளில் யூதர் கட்டிவந்த தலைவரி எல்லாம் நடந்தவையே. ஆனால் இவற்றை மட்டும் அடுக்கினால், 1492இல் ஸ்பெயின் விரட்டிய யூதர்களை ஒட்டோமான் சுல்தான் ஏன் வரவேற்றார் என்பதை விளக்க முடியாது. முதல் உலகப் போர் முடிந்த வேளையில் பாக்தாத் நகரத்தாரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர் என்பதையும், ஈராக்கின் முதல் நிதியமைச்சர் சசூன் எஸ்கெல் என்ற யூதர் என்பதையும் விளக்க முடியாது. நம் பக்கத்துச் சான்று இன்னும் பழையது. 849இல் கொல்லத்துத் தேவாலயத்துக்கு வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், அரபு எழுத்தில் முஸ்லிம்களும் பஹ்லவியில் பாரசீகரும் எபிரேய எழுத்தில் யூதர்களும் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கான கொடைக்கு மூன்று மதத்து வணிகர்கள் சாட்சி! ஜொகூருக்கு அக்கரையான சிங்கப்பூரிலும் இதே கதைதான். குக்குப்பில் பெரும் நிலக் குத்தகை வைத்திருந்த அல்சகாஃப் அரபுக் குடும்பமும், பாக்தாத்தில் வேர்கொண்ட மெனாசே மேயரின் யூதக் குடும்பமும் அங்கே ஒரே காலத்தில் நில உடைமையாளர்களாகச் செழித்தன. வேதம்தான் வேர் என்றால் அந்த வேர் கொல்லத்திலும் பாக்தாத்திலும் சிங்கப்பூரிலும் ஏன் முளைவிடவில்லை?

முளைத்த இடத்தைப் பார்ப்போம். 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் யூதர்கள்மேல் அலையலையாக வன்முறை. மேற்கே பிரான்ஸில் யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ்மேல் பொய் வழக்கு. யூதர்களை வாழவிடாத ஐரோப்பாவிலிருந்துதான் யூதருக்குத் தனிநாடு என்ற கோரிக்கை பிறந்தது. 1897இல் பாசலில் ஹெர்ஸல் கூட்டிய சியோனிச மாநாடு அதற்கு அமைப்பு வடிவம் தந்தது. 1917 நவம்பர் 2ஆம் தேதி பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதம் பேரரசின் முத்திரையைக் கொடுத்தது. பாலஸ்தீனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபு மக்களை அந்தக் கடிதம் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை. யூதரல்லாத சமூகங்கள் என்றது. அவர்களுக்குக் குடிமை உரிமையும் மத உரிமையும் உண்டு என்றது, அரசியல் உரிமையைப் பற்றி மூச்சு விடவில்லை. 1922 கணக்கெடுப்பில் ஏழரை லட்சம் பேரில் சுமார் 84 ஆயிரம் யூதர். 1931இல் பத்து லட்சத்துக்கு மேல், அதில் யூதர் 1,75,000 அளவில். ஹிட்லர் வந்தபின் எண்ணிக்கை இன்னும் வேகமாக ஏறியது, அவர்கள் வேறெங்கே போவார்கள்? பல நாடுகள் கதவை அடைத்துவிட்டன. நிலமோ பெய்ரூட்டில் இருந்த சர்சோக் போன்ற குடும்பங்களின் கையிலிருந்து விற்பனையானது. உழுதுகொண்டிருந்த குத்தகைக் குடியானவர்கள் வெளியேறினார்கள். யூத அமைப்புகள் வாங்கிய நிலத்தில் யூத உழைப்பே வேண்டும் என்ற கொள்கையும் சேர்ந்தபோது, நிலம் போனவனுக்குக் கூலி வேலையும் இல்லை. 1929 கலவரம், 1936இல் தொடங்கிய அரபுக் கிளர்ச்சி இரண்டும் இந்த மண்ணில்தான் விளைந்தன. 1929இல் ஜெருசலத்தின் மேற்குச் சுவர் குறித்த மதச் சண்டை திரியாக இருந்தது உண்மை. வெடிமருந்து ஏற்கெனவே சேர்ந்திருந்தது.

மதம் எந்தக் கட்டத்தில் சண்டைக்குள் நுழைகிறது என்பதைப் பார்க்கப் பாலோவுக்கு மேற்கே, அடுத்த மாவட்டமான பத்து பகாட் போதும். 1945இல், ஜப்பானியர் வீழ்ந்த நாட்களையொட்டி, அங்கேயும் மூவாரிலும் மலாய்க்காரர்களும் சீனர்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். மலாய்ப் போலீஸை வைத்துச் சீனர் மிகுந்த கெரில்லாப் படையை வேட்டையாடியது ஜப்பானிய நிர்வாகம். அதன் பிடி தளர்ந்ததும் கெரில்லாக்கள் துரோகிகள் என்று கருதியவர்களைத் தண்டிக்கப் புறப்பட்டார்கள். பழிக்குப் பழியாகச் சிவப்புத் துண்டணிந்து கியாய் சாலே தலைமையில் எழுந்த கூட்டம் அதைப் புனிதப் போர் என்றது, மந்திரத்தையும் ஜெபத்தையும் கவசமாகக் கொண்டது. இதை இஸ்லாத்துக்கும் சீன மதங்களுக்கும் இடையிலான ஆதிப்பகை என்று யாரும் எழுதுவதில்லை, எழுதினால் சிரிப்பார்கள். மூன்றரை ஆண்டு ஆட்சி மூட்டிய தீ என்றுதான் எழுதுகிறோம். அப்போது பத்து பகாட் மாவட்ட அதிகாரியாக இருந்த ஓன் பின் ஜாஃபர் இடையில் புகுந்து அமைதி பேசியதும், மறு ஆண்டு மே மாதம் அவரே ஜொகூர் பாருவில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவைத் தொடங்கியதும், அந்தச் சண்டையின் அடியில் இருந்தது அரசியல் என்பதையே காட்டுகின்றன. மெக்மைக்கேலின் ஒப்பந்தத்தில் விளைந்த மலாயன் யூனியன், வந்தேறியவர்களுக்குத் தாராளமாகக் குடியுரிமை தருவதாகச் சொன்னது. அம்னோ பிறந்ததே அதை எதிர்க்கத்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. இரு நாட்டு நிலைமைகள் இவ்வளவு ஒத்துப்போனால் மலாயா ஏன் இன்னொரு பாலஸ்தீனமாகவில்லை? வந்தவர்களின் எண்ணிக்கையோ இங்கேதான் அதிகம்: 1947இல் கூட்டரசு மலாயாவில் மலாய்க்காரர்கள் பாதியைக்கூடத் தொடவில்லை, சீனர் 38 விழுக்காடு, இந்தியர் பத்தை ஒட்டி. ஆக, எண்ணிக்கை மட்டும் காரணமாக முடியாது. வேறுபாட்டை முதலில் நிலத்தில் காண்கிறேன். மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை 1913லேயே கூட்டு மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷார் கொண்டுவந்தார்கள்; மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் அது தடுத்தது. நோக்கம் கருணை என்று நான் சொல்லமாட்டேன், மலாய் விவசாயி நெல் வயலோடு கிடக்கட்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. பாலஸ்தீனத்தில் நில விற்பனைக்கு அப்படியொரு பெரிய தடை வர 1940 ஆயிற்று, அதற்குள் ஒரு கிளர்ச்சியே நடந்து முடிந்துவிட்டது. அடுத்தது கோரிக்கை. ஈயச் சுரங்கத்துக்கு வந்த சீனரோ, கங்காணி கூட்டிவந்து ரப்பர் மரம் சீவிய தமிழரோ இந்த மண்ணைத் தங்கள் மூதாதையரின் நாடு என்று கோரவில்லை. அவர்கள் கேட்டது கூலியும் பின்னர் குடியுரிமையும். பாலஸ்தீனம் வந்த யூதர் கேட்டது அரசு. இரண்டாயிரம் ஆண்டு நினைவும், உயிருக்கு ஓடிவந்த அச்சமும் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்தன. அதை வெறும் குடியேற்றம் என்று தள்ளிவிட முடியாது. ஒரே நிலத்தில் இரு தரப்பும் அரசு கேட்டால் பங்கு பிரிப்பது எளிதல்ல, 1937இல் பீல் ஆணையம் பிரிக்கப் பார்த்துத் தோற்றது.

மூன்றாவது, பேச ஒரு மேசை. பாலஸ்தீனத்தில் சட்டமன்றம் அமைக்கும் யோசனையை 1923இல் அரபுத் தரப்பு புறக்கணித்தது. முப்பதுகளில் மறுபடி வந்தபோது யூதத் தரப்பும் லண்டன் நாடாளுமன்றமும் தடுத்தன. மலாயாவிலோ 1949 முதல் சமூகத் தலைவர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் சேர்ந்த கூட்டணியில் இந்தியர் கட்சியான மஇகாவும் இணைந்தது. மலாய்க்காரரின் சிறப்பு நிலையும் மற்றவரின் குடியுரிமையும் 1957இல் ஒரே உடன்படிக்கையில் ஏறின. அந்த மேசையில் தோட்டத் தமிழனின் நாற்காலி சிறியது. அதுவும் கிடைக்காதவர்களும் உண்டு: அதே பேரரசிலிருந்து 1948இல் விடுபட்ட இலங்கை, விடுதலை ஆண்டிலேயே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது.

இதனால் பிரிட்டிஷார் ஜொகூரில் நல்லவர்கள், ஜெருசலத்தில் கெட்டவர்கள் என்று ஆகிவிடாது. கர்னியின் காலத்தில், 1950 ஜூனில் ஜொகூரிலிருந்து தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் காட்டோரச் சீனக் குடியிருப்புகளைப் பெயர்த்து முள்வேலிக்குள் அடைத்தது. நாடு முழுவதும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், நானூறுக்கு மேற்பட்ட புதுக்கிராமங்கள். பாலோவும் அந்தப் பட்டியலில் உண்டு. தோட்ட லயங்களும் வேலிக்குள் கூட்டப்பட்டன. கர்னியே 1951 அக்டோபர் 6ஆம் தேதி ஃபிரேசர் மலைச் சாலையில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களின் குண்டுக்கு இரையானார். 1969 மே 13இல் கோலாலம்பூர் எரிந்தது என்பதால், இந்நாட்டு ஏற்பாடு மட்டும் பழுதற்றது என்று வாதிடவும் நான் வரவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே. பாலோவில் வேலிக்குள் அடைக்கப்பட்டவர்கள் அதே மாநிலத்தில் இருந்தார்கள், குடியுரிமை பெற வழி திறந்தது, 1960இல் அவசரகாலம் முடிந்தது. 1948இல் பாலஸ்தீனத்தை விட்டு வெளியேறிய ஏழு லட்சம் அளவிலான அரபு மக்களுக்குத் திரும்பி வரும் பாதை அடைக்கப்பட்டது; அடுத்த இருபது ஆண்டுகளில் பாக்தாத், கெய்ரோ, சனா நகரங்களின் யூதர்களும் பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள். சசூன் எஸ்கெலின் பாக்தாத்தில் 1941இல் நடந்த யூதர் படுகொலையும் அதன்பின் நிகழ்ந்த வெளியேற்றமும் வந்தது பால்ஃபர் கடிதத்துக்குப் பிறகே.