லேண்ட் ரோவரின் முன் மூட்டு

1948-இல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான லேண்ட் ரோவர், 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் நம் மலாயாத் தோட்டங்களிலும் ஓடியது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. ஆகவே மேல்தகடுகளை அலுமினியத்தில் செய்தனர். அவை துருப்பிடிப்பதில்லை. அந்த மேனியைப் பார்த்து மட்டும் கிள்ளானில் பழைய பிக்கப்பை நாம் வாங்கிவிடக் கூடாது!

முன்சக்கரம் திரும்பும் மூட்டோ எஃகு உருண்டை. மழைச்சேற்றில் அதன் குரோம் பூச்சு அரித்துப் பள்ளம் விழும். பள்ளம் எண்ணெய் காக்கும் வளையத்தைக் கிழிக்கும். எண்ணெய் ஒழுகினால் பேரிங் தேய்ந்து ஸ்டீரிங் உதறும். ஆள் ஏற்றும் வண்டிக்கு இது ஆபத்து. வளையத்தை மட்டும் மாற்றினால் காசு வீண். உருண்டையையும் மாற்ற வேண்டும். பின்னர் திருப்பும் கையில் வில்தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். தளர்ந்திருந்தால் மேல் முளையின் அடியிலிருந்து மெல்லிய தகடொன்றை எடுப்பார்கள். இறுகியிருந்தால் ஒன்றைச் சேர்ப்பார்கள்.