அறிவியல் மையமும் கோளரங்கமும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பள்ளிகளிலிருந்து அறிவியல் மையம் பார்க்கப் புறப்படும் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலியே நூறு கிலோமீட்டருக்கு மேல். தாமிரபரணிக் கரையில், கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையம் 1987 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் வேர் கொல்கத்தாவில் இருக்கிறது. அங்கே 1959-இல் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகமும், 1965-இல் பெங்களூரில் விசுவேசுவரய்யா அருங்காட்சியகமும் மக்களுக்குத் திறக்கப்பட்டன. இவற்றை ஒரு குடைக்கீழ் கொண்டுவர 1978-இல் தேசிய அறிவியல் அருங்காட்சியக மன்றம் அமைந்தது. பெருநகரங்களோடு நின்றுவிடாமல் புருலியா, குல்பர்கா, திருநெல்வேலி போன்ற ஊர்களைத் தேடி வந்ததுதான் இம்மன்றத்தின் பெரும்பணி.

கோளரங்கத்தின் கதை இன்னும் பழையது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துப் பொறியாளர் வால்தர் பவர்ஸ்ஃபெல்டு உருவாக்கிய ஒளிக்கருவி 1923-இல் மியூனிக் நகரில் முதன்முதலாக வட்டக் கூரையில் விண்மீன்களைக் காட்டியது. கொல்கத்தாவின் பிர்லா கோளரங்கம் 1962-இலும், சென்னை கோட்டூர்புரத்தில் பி.எம். பிர்லா கோளரங்கம் 1988-இலும், திருச்சியில் அண்ணா அறிவியல் மையம் 1999-இலும் வந்தன. கரிசல்காட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் சுற்றுலாக் கட்டணம் கட்ட முடிந்தால் மட்டுமே எட்டுபவை.

ஆகவே இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை, கட்டடங்களைவிட ஊர்தேடி வரும் பேருந்தே முக்கியம் என்று சொல்ல வேண்டும். கொல்கத்தா அருங்காட்சியகம் 1965-இல் தொடங்கிய நடமாடும் கண்காட்சி அது. கைப்பிடியைச் சுற்றியும் பொத்தானை அழுத்தியும் இயக்கிப் பார்க்கும் கருவிகளைச் சுமந்துகொண்டு பேருந்து பள்ளி வாசலிலேயே வந்து நிற்கும். பின்னாளில் காற்றடைத்த கூடாரக் கோளரங்கமும் இப்படிப் பயணப்படலாயிற்று. மின்விசிறிக் காற்றில் துணிக்கூரை உப்பி நிற்கும். பிள்ளைகள் குனிந்து உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்ததும் நடுவிலுள்ள கருவி தலைக்குமேல் வானத்தை விரிக்கும்.

வெளியே இருக்கும் வானமும் இங்கே குறைந்ததல்ல. மழை குறைந்த பூமி; ஆண்டின் பெரும்பகுதி மேகமில்லாத இரவுகள். ஊர் விளக்குகளைத் தாண்டிக் கண்மாய்க்கரைக்குப் போனால் மார்கழியில் கார்த்திகைக் கூட்டத்தைக் கண்ணாலேயே எண்ணலாம். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று மதியம், இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கணச் சூரிய கிரகணத்தின் பாதை இவ்வட்டாரத்தின் மேலாகவே சென்றது.

இன்னொரு காட்சி ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அருப்புக்கோட்டை வட அட்சம் ஏறத்தாழ 9.5 பாகையில் இருப்பதால், சூரியன் நேர் உச்சிக்கு வரும் முதல் நாள் சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 14 அல்லது 15-இல் விழுகிறது. பகல் 12.18 மணியளவில் செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழலே இராது. மாணவர்களே நிழலை அளந்து தம் ஊரின் அட்சத்தைக் கணக்கிட இதைவிட நல்ல பாடம் இல்லை. ஏப்ரல் 14 விடுமுறை நாள். ஆனால் இதே நிகழ்வு ஆகஸ்ட் 28-ஐ ஒட்டி மீண்டும் வருகிறது. அன்று விடுமுறையாக இல்லாவிட்டால் பள்ளி நடக்கும். ஆசிரியர்கள் அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.